'ராஜா' என்ற சொல்லாகவே மாறிப்போன ஒரு பெயர்

சார்லமேன் இறந்து 1,200 ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஆனாலும் ஐரோப்பாவில் விருதுக்கும் கட்டடத்துக்கும் ஒயினுக்கும் அவர் பெயர் இருக்கிறதே, ஒரு மன்னனின் பெயர் இவ்வளவு காலம் எப்படி நிற்கிறது என்பது கேள்வி.

விருதும் கட்டடமும் சட்டென்று கண்ணில் படுபவை. அவை நேற்று முந்தாநாள் ஒரு குழு கூடிப் பேசி வைத்த பெயர்கள். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்கு விடை தேட முடியாது. இந்தப் பெயரை உண்மையில் காப்பாற்றியவர்கள் வேறு ஆட்கள். அவரோடு சண்டை போட்ட அண்டை இனத்தார், ஊர் ஊராகப் போன பாடகர்கள், கப்பலேறிய மாலுமிகள், கொச்சிக் கரையோரத்தில் பலகை மேடையை மிதித்து ஆடிய கூத்துக்காரர்கள் என்று அந்தப் பட்டியல் போகும். அவர்களில் பெரும்பாலோருக்கு அவருடைய வரலாறு தெரியாது, தேவையும் இல்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு தங்களுக்கு வேண்டியதைச் செய்துகொண்டார்கள். அது எப்படி நடந்தது என்பதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனியின் பெரும்பகுதி, வட இத்தாலி எல்லாவற்றையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட ஃபிராங்க் இனத்து அரசர். 768-இல் பட்டத்துக்கு வந்தார். 774-இல் லொம்பார்டியரின் அரசைப் பிடித்தார். 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ரோமில் போப் மூன்றாம் லியோ அவருக்குப் பேரரசராக முடிசூட்டினார். 814 ஜனவரி 28 அன்று ஆகன் நகரில் இறந்தார். அங்கே அவரே கட்டிய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கார்ல்'. லத்தீன் ஆவணங்களில் அது 'கரோலுஸ்'. 'மேக்னுஸ்', அதாவது 'பெரிய' என்ற அடைமொழி பிற்பாடு பெயரோடு ஒட்டி, பிரெஞ்சில் உருண்டு திரண்டு 'சார்லமேன்' ஆனது. ஜெர்மானியர்கள் இன்றும் 'பெரிய கார்ல்' என்றுதான் சொல்கிறார்கள். அவருடைய தாத்தா பெயரும் கார்ல்தான்: சார்ல்ஸ் மார்ட்டெல். தாத்தாவின் பெயரைத் தாங்குவதால் தமிழில் 'பெயரன்', பேரன் ஆனானே, அதே முறை அங்கும் இருந்திருக்கிறது. 'கார்ல்' என்றால் பழைய ஜெர்மானிய மொழிகளில் 'ஆள்', 'ஆண்பிள்ளை' என்று பொருள். அதே வேரிலிருந்து வந்த 'கெர்ல்' என்ற சொல் இன்றைய ஜெர்மன் மொழியில் 'பயல்', 'ஆளு' என்ற பொருளில் தெருவில் புழங்குகிறது. சாதாரண ஆளைக் குறித்த சொல் ஒரு மன்னனின் பெயராயிற்று. அப்புறம் நடந்ததுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

கார்லின் பேரரசுக்குக் கிழக்கே ஸ்லாவிய இனத்தார் வாழ்ந்தார்கள். சிலர் அவருக்குக் கப்பம் கட்டினார்கள், சிலர் அவர் படையில் சேர்ந்தார்கள், சிலர் அவரோடு போரிட்டார்கள். அவர்களுடைய சிறு தலைவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பெயர் இருந்தது. மேற்கே உட்கார்ந்திருந்த இந்தப் பெரிய அரசரைப் போன்ற ஒருவரைக் குறிக்கச் சொல் இல்லை. அதனால் அவர் பெயரையே சொல்லாக்கிவிட்டார்கள். அவருக்குப் பின் வந்த வாரிசுகளில் பலருக்கும் கார்ல் என்றே பெயர் இருந்தது இந்தப் பழக்கத்துக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. மேற்கே ஆள்பவன் யாரோ அவன் ஒரு கார்ல்.

இன்று போலந்து மொழியில் ராஜாவுக்கு 'க்ருல்'. செக் மொழியில் 'க்ரால்'. செர்பியரும் குரோவாசியரும் சொல்வதும் ஏறத்தாழ அதேதான். ரஷ்ய மொழியில் 'கரோல்'. ஸ்லாவியரிடமிருந்து இந்தச் சொல் வேற்று மொழிக் குடும்பங்களுக்குள்ளும் புகுந்தது. ஹங்கேரிய மொழியில் 'கிராய்', லிதுவேனிய மொழியில் 'கராலியுஸ்', துருக்கிய மொழியில் 'க்ரால்' எல்லாம் அதே ஆளின் பெயர்தான். கார்லின் குதிரைப்படை எட்டிப்பார்க்காத ஊர்களில், அவரைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காத குழந்தைகள், தூங்கப் போகும் முன் கேட்கும் 'ஒரு ஊரில் ஒரு ராஜா' கதையில் அவர் பெயரைத்தான் கேட்கிறார்கள்.

'கார்ல்' எப்படி 'க்ரால்' ஆனது என்று கேட்கலாம். நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. கிராமத்துப் பேச்சில் மதுரை 'மருதை' ஆகிறது, குதிரை 'குருதை' ஆகிறது, எழுத்திலேயே தசை 'சதை' ஆகிறது. ஒலிகள் இடம் மாறிக்கொள்கின்றன. ஸ்லாவிய மொழிகளில் ஒரு காலத்தில் இது விதிவிலக்கில்லாமல் நடந்தது. உயிரொலிக்குப் பின்னால் நின்ற ரகரமும் லகரமும் தென்பகுதியிலும் மேற்கிலும் முன்னால் தாவின. கிழக்கே, ரஷ்யப் பக்கம், இரண்டு புறமும் உயிரொலி வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் அங்கே 'க்ரால்', இங்கே 'கரோல்'. இந்த மாற்றம் எப்போது நடந்தது என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது. ஸ்லாவியருக்கு எழுத்து வந்ததே 860-களில்தான். ஆனால் கார்லின் பெயர் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ 800 வாக்கில். அந்தப் பெயரும் மாற்றத்துக்குள் அகப்பட்டிருக்கிறது என்றால், அப்போது மாற்றம் இன்னும் முடிந்திருக்கவில்லை என்று பொருள். எழுதாத மொழியின் வரலாற்றுக்கு ஒரு மன்னனின் பெயர் தேதி குறித்துக் கொடுக்கிறது! மொழியியல் மாணவர்களுக்கு இந்த ஒரு சொல்லைக் காட்டி இந்தப் பாடத்தையே நடத்திவிடலாம்.

ரோமில் சீசரின் பெயருக்கும் இதுதான் நடந்தது. ஜெர்மன் மொழியில் 'கைசர்', ரஷ்யாவில் 'த்ஸார்'. ரஷ்யர்கள் தங்கள் ஆட்சியாளரை நெடுங்காலம் த்ஸார் என்றார்கள். மேற்கே இருந்த அயல்நாட்டு மன்னர்களைக் 'கரோல்' என்றார்கள். சொந்த அரசனுக்கு ஒரு ரோமன் பெயர், அடுத்த நாட்டு அரசனுக்கு ஒரு ஃபிராங்கின் பெயர். இந்தியாவிலிருந்து கிளம்பிப் போன சதுரங்கத்தில் நம் ராஜா நிற்கிற கட்டத்தில் ரஷ்யாவில் நிற்பவர் கரோல். பிரிட்டனில் மூன்றாம் சார்லஸ் பட்டத்துக்கு வந்தபோது போலந்துப் பத்திரிகைகள் அவரைக் 'க்ருல் கரோல்' என்று எழுதின. ராஜா சார்லஸ் என்று அர்த்தம். வேரைப் பிடித்துப் போனால் அது 'கார்ல் கார்ல்'. படிக்கிறவர்களுக்கு அது தோன்றாது. ஒரு பெயர் அந்த அளவுக்கு மொழியோடு கரைந்துபோய்விட்டது.

இது கிழக்கே போன வழி. மேற்கே போன வழி முற்றிலும் வேறு. அங்கே பெயரைச் சுமந்தது கதை.

778 ஆகஸ்ட் 15. ஸ்பெயினுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கார்லின் படையின் பின்பகுதியைப் பைரனீஸ் மலையின் ரோன்செவோ கணவாயில் மறித்து அழித்தார்கள். இறந்தவர்களில் ரோலாண்ட் என்ற தளபதி ஒருவர். மறித்தவர்கள் அந்த மலையிலேயே வாழ்ந்த பாஸ்க் மக்கள். கார்லின் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்ட் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் 11-ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் எழுந்த 'ரோலாண்டின் பாட்டு' என்ற பிரெஞ்சுக் காவியத்தில் பாஸ்க்குகள் காணாமல் போய்விடுகிறார்கள். அவர்கள் இடத்தில் லட்சக்கணக்கான முஸ்லிம் படைவீரர்கள் நிற்கிறார்கள். நாற்பது வயதுகூட ஆகாத கார்ல், வெண்தாடி வழியும் 200 வயதுக் கிழவராகிறார். அவரைச் சுற்றி பன்னிரண்டு மாவீரர்கள். சிலுவைப் போர்கள் தொடங்கிய காலத்துக்குத் தேவைப்பட்ட கார்ல் அவர்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. உண்மையான கார்ல் பாக்தாதின் கலீஃபா ஹாரூன் அல் ரஷீதோடு தூதர்களைப் பரிமாறிக்கொண்டவர். கலீஃபா அனுப்பிய அபுல் அப்பாஸ் என்ற யானை 802-இல் ஆகனுக்கு வந்து சேர்ந்தது. அந்த 778 படையெடுப்புக்கே ஸ்பெயினின் சில முஸ்லிம் தலைவர்கள்தான் அவரை உதவிக்கு அழைத்தார்கள். காவியத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. மலைக் கணவாயில் நடந்த ஒரு தாக்குதல், மதங்களுக்கு நடுவிலான தீராப் பகையாக எழுதப்பட்டு, அந்த வடிவத்தில்தான் உலகம் சுற்றியது. பெயர் நீண்டு வாழ்ந்ததற்குக் கொடுத்த விலைகளில் இது பெரியது என்று நினைக்கிறேன்.

கதை இத்தாலிக்குப் போனது. அங்கே ரோலாண்ட் 'ஓர்லாண்டோ' ஆனார். சிசிலியில் இன்றும் பெரிய பெரிய பொம்மைகள் கவசம் பளபளக்க அந்தப் போர்களை நடத்துகின்றன. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போன கதை அங்கே 'பேரரசர் கார்லோஸ் மேக்னோவும் பிரான்சின் பன்னிரு சகாக்களும்' என்ற மலிவுப் பதிப்பாக, நம் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை போல, கை கையாகச் சுற்றியது. அதற்கப்புறம் கப்பலேறியது.

பிரேசிலில் கோயாஸ் மாநிலத்தின் பிரெனோபொலிஸ் என்ற ஊரில் ஆண்டுதோறும் பெந்தெகொஸ்தே திருவிழாவில் பன்னிரண்டு நீல உடைக் குதிரைவீரர்கள், பன்னிரண்டு சிவப்பு உடைக் குதிரைவீரர்களோடு போர் நடிப்பு நடத்துகிறார்கள். நீலம் கார்லின் ஆட்கள், சிவப்பு எதிரிகள். அதே பிரேசிலின் தெற்கே 1912 முதல் 1916 வரை நடந்த கொன்டெஸ்தாதோ கலகத்தில் ஜோசே மரியா என்ற துறவியைச் சுற்றித் திரண்ட ஏழைக் குடியானவர்கள், கார்லின் கதையை உரக்கப் படித்துக் கேட்டவர்கள். ஜோசே மரியாவின் மெய்க்காவல் படைக்குப் 'பிரான்சின் பன்னிரண்டு பார்கள்' என்று பெயர். படையில் இருந்தது இருபத்து நான்கு பேர். ஏனென்றால் போர்த்துகீசிய மொழியில் 'பார்' என்றால் நிகரானவன் என்றும் பொருள், ஜோடி என்றும் பொருள். பன்னிரண்டு ஜோடிக்கு இருபத்து நான்கு! நிலத்தைப் பறிகொடுத்த அந்த மக்கள் பிரான்ஸ் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பெயருக்காக உயிரைக் கொடுத்தார்கள்.

ஆப்பிரிக்காவின் மேற்கே இருக்கும் சாவோ தோமே தீவில் நடப்பது இன்னும் ஆழமானது. அங்கே 'சிலோலி' என்ற கூத்து. 16-ஆம் நூற்றாண்டில் பல்தசார் தியாஸ் என்ற பார்வையற்ற போர்த்துகீசியக் கவிஞர் எழுதிய நாடகத்தைத் தீவு மக்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். சக்கரவர்த்தியின் மகன் கார்லோத்தோ, வேட்டைக்குப் போன இடத்தில் தன் நண்பனைக் கொன்றுவிடுகிறான். இறந்தவனின் உறவினர்கள் நீதி கேட்டு அரண்மனைக்கு வருகிறார்கள். சக்கரவர்த்தி தன் மகனுக்கே மரண தண்டனை தரவேண்டும், தருகிறார். நமக்கு மனுநீதிச் சோழன் நினைவுக்கு வராமல் இருக்காது. தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசுவின் இடத்தில் இங்கே ஒரு மார்க்கீ பிரபு நிற்கிறார். முகமூடி அணிந்த ஆண்களே பெண் வேடமும் கட்டி, மணிக்கணக்காக, வழக்கறிஞர் வாதங்களோடு ஆடுகிறார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள், ஆளும் வெள்ளையரின் கதையை எடுத்து, 'ராஜா மகனானாலும் கொலைக்குத் தண்டனை உண்டு' என்பதை அந்த ஆட்சியின் கண்ணெதிரிலேயே நடித்துக் காட்டினார்கள். கார்லின் பெயர் இவ்வளவு நல்ல காரியத்துக்கு வேறெங்கும் பயன்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

கிழக்கே பிலிப்பீன்ஸின் செபு நகரில் 1932-இல் தொடங்கிய கம்புச்சண்டைக் கழகத்துக்குப் பெயர் 'தோசே பாரெஸ்'. அதே பன்னிருவர்தான்.

இப்போது நம் பக்கம். கேரளத்தின் கொச்சி, கோத்துருத்து, கொடுங்கல்லூர் கடலோரங்களில் லத்தீன் கத்தோலிக்கர்கள் ஆடும் கூத்து சவிட்டு நாடகம். 'சவிட்டு' என்றால் மிதி. குமரி மாவட்டத்தில் 'சவிட்டினான்' என்றால் மிதித்தான் என்று இன்றும் தமிழிலேயே புரியும். மரப்பலகை மேடை அதிர அதிர மிதித்து, பாடி, வாள் வீசி ஆடுவார்கள். போர்த்துகீசியர் வருகைக்குப் பிறகு வளர்ந்த கலை. அதன் மிகப் புகழ்பெற்ற நாடகம் 'காறல்மான் சரிதம்'. காறல்மான் வேறு யாருமில்லை, கார்லோ மேக்னோ, நம் சார்லமேன்தான். (அவருக்குக் கார்லோமான் என்று ஒரு தம்பி உண்டு, பெயர் ஒலியைக் கேட்டு அவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தம்பி 771-லேயே இறந்துவிட்டார்.) ரோலாண்ட் இங்கே 'ரோல்தான்'. பன்னிரு வீரர்களும் உண்டு. கிரீடமும் அங்கியும் தலைக்கவசமும் ஐரோப்பியம், அடவும் தாளமும் இந்த மண்ணுடையவை.

தமிழ் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இது. காறல்மான் சரிதத்தை இயற்றியவர் என்று மரபு சொல்லும் பெயர் சின்னத்தம்பி அண்ணாவி, தமிழ்நாட்டிலிருந்து போனவர். பழைய சவிட்டு நாடகச் சுவடிகளின் மொழி தமிழ், அல்லது தமிழ் பெருமளவு கலந்த மலையாளம். நாடகம் பழக்கும் ஆசானுக்கு 'அண்ணாவி' என்றே பெயர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் கூத்துப் பழக்குகிறவரை இன்றும் அண்ணாவியார் என்றுதானே சொல்கிறோம்? மன்னாரின் கத்தோலிக்க நாடகங்களில் பேரரசரைக் குறிக்கும் 'எம்பரதோர்' என்ற சொல்லும் அதே போர்த்துகீசியக் கப்பலில் வந்து இறங்கியது. ஆக, ஃபிராங்க் மொழி பேசிய ஒரு அரசர் பிரெஞ்சில் பாட்டாகி, ஸ்பானிய மொழியில் உரைநடையாகி, போர்த்துகீசிய வாய் வழியாகக் கொச்சியில் இறங்கியபோது அவரைப் பேசவைத்தது தமிழ். இந்தச் செய்தி நம் பாடப்புத்தகங்களில் ஒரு வரியாகவாவது இருக்க வேண்டும். 1964-இல் சபீனா ராஃபி என்ற ஆசிரியை ஊர் ஊராகத் தேடி இந்தக் கலையைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியிராவிட்டால் இதில் எவ்வளவு நமக்குத் தெரிந்திருக்குமோ. இன்று கேரளப் பள்ளிக் கலைவிழாவில் சவிட்டு நாடகமும் ஒரு போட்டி. பதினைந்து வயதுப் பிள்ளைகள் காறல்மானாக மேடையை மிதிக்கிறார்கள்.

சரி, அதிகாரத்தில் இருந்தவர்கள் இந்தப் பெயரை என்ன செய்தார்கள்? எல்லோரும் தங்கள் ஆசைக்கு அதைச் சாட்சிக்கு அழைத்தார்கள். 1165-இல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா, ரோமின் போப்புக்குப் போட்டியாக நிறுத்தப்பட்ட, தமக்கு வேண்டிய எதிர்ப்போப் ஒருவரைக் கொண்டு கார்லைப் புனிதராக்கினார். ரோம் அதை முறையாக ஏற்கவில்லை. ஆகன் மக்கள் வணங்குவதைத் தடுக்கவும் இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் பொஹீமிய இளவரசர் வாட்ஸ்லாவ் சிறு வயதில் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பப்பட்டார். அங்கே உறுதிபூசுதலின்போது அவருக்குச் சார்லஸ் என்று புதுப்பெயர் வைத்தார்கள். அவரே பின்னாளில் பேரரசர் நான்காம் கார்ல். வாழ்நாள் முழுதும் பழைய கார்லின் பக்தராக இருந்து, பிராகில் அவர் பெயருக்கே ஒரு தேவாலயம் எழுப்பினார். 1348-இல் தொடங்கிய பிராக் பல்கலைக்கழகம், கார்ல்ஸ்டெயின் கோட்டை, கார்லோவி வாரி வெந்நீரூற்று நகரம் எல்லாம் இந்தப் பிந்தைய கார்லின் பெயரைத் தாங்கியவை. அதாவது, ஒரு கை மாறி வந்த பழைய பெயர்.

நெப்போலியன் இதில் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. ஆல்ப்ஸ் மலையைக் குதிரையில் கடக்கும் அவருடைய புகழ்பெற்ற ஓவியத்தை இன்னொருமுறை உற்றுப் பாருங்கள். டேவிட் வரைந்தது. குதிரையின் காலடிப் பாறையில் மூன்று பெயர்கள் செதுக்கியிருக்கும்: போனபார்ட், ஹானிபால், கரோலுஸ் மேக்னுஸ். 1804-இல் முடிசூடும் முன் ஆகனுக்கே நேரில் போய்வந்தார். 'சார்லமேனின் கிரீடம்' என்று சொல்லி ஒன்றைப் புதிதாகச் செய்வித்துக்கொண்டார்.

நாஜிகளிடம் இந்தப் பெயர் இரண்டாகப் பிளந்தது. 782-இல் வெர்டன் என்ற இடத்தில் கார்ல், சாக்சன் என்ற ஜெர்மானிய இனத்தார் 4,500 பேரின் தலையை ஒரே நாளில் வெட்டச்செய்தார் என்று அவருடைய அரசவை ஆண்டுக்குறிப்பே சொல்கிறது. ஜெர்மானிய ரத்தம் என்று பேசியவர்களுக்கு அவர் 'சாக்சன்களைக் கொன்றவர்'. 1935-இல் அந்த இடத்தில் 4,500 கற்களை நட்டு நினைவுத் தோப்பு அமைத்தார்கள். பத்து ஆண்டுகூட ஆகவில்லை. ஹிட்லருக்காகப் போரிட வந்த பிரெஞ்சுக்காரர்களின் எஸ்.எஸ். படைப்பிரிவுக்குச் 'சார்லமேன்' என்றே பெயர் வைத்தார்கள். 1945-இல் பெர்லினில் கடைசிவரை நின்றவர்களில் அந்தப் பிரிவினரும் உண்டு.

அந்தச் சாம்பலிலிருந்து ஐந்தே ஆண்டில், 1950-இல், ஆகன் நகரம் ஐரோப்பிய ஒற்றுமைக்கென்று ஒரு விருதைத் தொடங்கியது. அதற்கும் அதே பெயர்தான்: கார்ல் பரிசு. ஐரோப்பியச் சமூகத்தைத் தொடங்கிய ஆறு நாடுகளின் எல்லையைக் கோடு போட்டால் கார்லின் பேரரசு ஏறத்தாழ வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர் பொருந்தியது. பிரஸ்ஸல்சில் ஐரோப்பிய ஆணையத்தின் கட்டடம் ஒன்றுக்கும் சார்லமேன் பெயர். 2002-இல் பரிசை யூரோ நாணயத்துக்கே கொடுத்தார்கள். 2023-இல் ஜெலன்ஸ்கிக்கும் உக்ரைன் மக்களுக்கும். உக்ரைன் கார்லின் ஆட்சிக்கு எட்டாத தூரம். ஆனால் அந்த மொழியிலும் ராஜா 'கொரோல்'தான். விருதுக்கு வெகுகாலம் முன்பே பெயர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனாலும், 4,500 பேரை வெட்டியவரின் பெயர் ஒற்றுமை விருதுக்குத் தகுமா என்ற கேள்வி எனக்கு உண்டு. வேறு யார் பெயரை வைத்தாலும் பிரான்ஸ், ஜெர்மனி இரண்டில் ஒன்றுக்கு அந்நியமாக இருந்திருக்கும் என்பதும் உண்மை. இரண்டு நாடுகளும் பிறப்பதற்கு முன் வாழ்ந்தவர் அவர். அது ஒரு பெரிய வசதி.

சின்னச் சின்ன இடங்களில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுச் சீட்டுக்கட்டில் நான்கு ராஜாக்களுக்கும் பெயர் உண்டு. ஆட்டீன் ராஜா சார்ல், அதாவது இவர். சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தோடு பாதியிலேயே எழுந்து போவதைப் பிரெஞ்சில் 'சார்லமேன் செய்வது' என்பார்கள். வென்றதில் எதையும் இழக்காமல் செத்தவர் என்று அதற்கு விளக்கம் சொல்வதுண்டு. பர்கண்டியில் 'கோர்ட்டோன் சார்லமேன்' என்ற வெள்ளை ஒயின் பேர்போனது. சிவப்பு ஒயின் வெண்தாடியைக் கறையாக்கியதால் மனைவி சொல்லி வெள்ளைத் திராட்சை நட்டார்கள் என்பது அந்த ஊர்க் கதை. அந்தோரா என்ற குட்டி நாட்டின் நாட்டுப்பண்ணில் நாடே 'பெரிய கார்ல் என் தந்தை' என்று மகளாக நின்று பாடுகிறது. நாம் சப்தரிஷி மண்டலம் என்பதை ஆங்கிலத்தில் பழைய தலைமுறை 'சார்லஸின் வண்டி' என்று சொல்லும்.

பிரான்சில் குழந்தைகளிடம் சார்லமேன் யார் என்று கேட்டால் 'பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தவர்' என்று சொல்வார்கள். அது அப்படியே உண்மை அல்ல. 789-இல் மடங்களும் பேராலயங்களும் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தவேண்டும் என்று ஆணையிட்டார், அதன் நிழல் இது. அந்த முயற்சியின்போது பரவிய தெளிவான, உருண்டையான கையெழுத்து முறைக்கும் அவர் வம்சத்தின் பெயர்: கரோலிங்கியச் சிற்றெழுத்து. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர்கள் அதைப் பண்டைய ரோமானியரின் எழுத்து என்று நினைத்து எடுத்தாண்டார்கள், அச்சுக்காரர்கள் அதையே வார்த்தார்கள். இன்று உலகம் தட்டச்சு செய்யும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளின் வடிவம் அதன் வழி வந்ததுதான்.

அவருக்கோ எழுத வராது. தலையணைக்கு அடியில் எழுதுபலகைகளை வைத்துக்கொண்டு, நேரம் கிடைத்தபோதெல்லாம் எழுத்துகளைப் போட்டுப் பழகினார் என்றும், வயதான பிறகு தொடங்கியதால் கை படியவில்லை என்றும் ஐன்ஹார்ட் எழுதுகிறார். அரசாணைகளில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சின்னம் இருக்கும். ஒரு சிலுவை, அதன் நான்கு முனைகளில் கரோலுஸ் என்ற பெயரின் மெய்யெழுத்துகள், நடுவில் சாய்சதுரக் கட்டத்துக்குள் உயிரெழுத்துகள். சின்னம் முழுவதையும் எழுத்தர் முன்பே எழுதி வைத்துவிடுவார். ஓலை அவர் முன்னால் வந்ததும், கார்ல் பேனாவை வாங்கி அந்தக் கட்டத்துக்குள் ஒரு சிறு கோடு மட்டும் போடுவார்.